எரிவாயு இணைப்பை மீண்டும் பெறுதல்

நெசவாளர் இல்லங்களில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருப்பவை. அடுப்பில் நேரும் இடையூறு தறியைத் தாக்காமல் விடுவதில்லை. விவசாய அங்கத்தினர் வீடுகளிலும் நிலைமை இதுவே. விறகு பொறுக்கவும் புகையோடு போராடவும் செலவாகும் நேரம் தோட்ட வேலையிலிருந்தே கழிக்கப்படுகிறது. ஆகவே, நின்றுபோன சமையல் எரிவாயு இணைப்பை மீண்டும் பெறுவது எவ்வாறு, பெற்றபின் செய்யவேண்டுவன யாவை என்பதைப்பற்றி இத்திங்கள் பாடத்தில் காண்போம். இது சங்கப் பத்திரிகைக்கு உரிய பொருளா என்று சிலர் வினவக்கூடும். உரியதே என்பதற்கு, நாம் நேரில் கண்ட ஒரு குடும்பத்தின் செய்தியை முதலில் கூறுவோம்.

ஒரு குடும்பத்தின் செய்தி

ஆண்டு ஆய்வின் பொருட்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நாம் சென்றிருந்தோம். உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்து வருகையில், ஓர் அம்மையாரின் கணக்கில் நான்கு மாதங்களாகச் சேலைகள் குறைந்து வந்திருப்பதைக் கண்டோம். முன்னர் ஒப்படைத்ததில் முக்கால் பங்கே வந்திருந்தது. அதுவுமன்றி, இரண்டு சேலைகளுக்குக் கறை என்று குறிப்பெழுதிக் கூலியில் பிடித்தமும் செய்திருந்தனர். காரியதரிசியை வினவினோம். கணவர் காலமானபின் அவருக்கு வேலையில் நாட்டம் குறைந்துவிட்டது என்று அவர் விடை கூறினார். பதிவேட்டில் கண்ட குறைவுக்கு அந்த விடை போதுமானதாக நமக்குத் தோன்றவில்லை. மாலையில் அவ்வீட்டிற்குச் சென்றோம்.

நடுக்கூடத்தில் குழித்தறி. அதையடுத்து ஒரு தாழ்ந்த சுவருக்கு அப்பால் அடுப்படி. மண் அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. புகை சுவரைத் தாண்டித் தறியின்மேல் படிந்துகொண்டிருந்தது. வெண்பட்டில் விழுந்த கறை எங்கிருந்து வந்ததென்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் பரணில், துணி சுற்றிய நிலையில், ஓர் எரிவாயு அடுப்பு இருந்தது. மூலையில் காலிச் சிலிண்டர் ஒன்றும் இருந்தது.

"கேஸ் இருக்கிறதே அம்மா, ஏன் பயன்படுத்துவதில்லை?" என்று கேட்டோம்.

"சிலிண்டர் அவர் பேருல இருக்குதுங்க ஐயா. அவரு போனதோட அதுவும் போயிருச்சு" என்றார்.

விவரம் கேட்டறிந்தோம். இணைப்பு கணவர் பெயரில் இருந்தது. பதிவு செய்திருந்த தொலைபேசி எண்ணும் அவருடையதே. சிலிண்டர் ஒப்படைக்கும் நேரத்தில் கூறவேண்டிய இரகசிய எண் அந்தத் தொலைபேசிக்கு வரும். அவர் காலமானபின் அந்த எண்ணுக்குப் பணம் கட்டுவார் இன்றி அது நின்றுபோயிற்று. இரகசிய எண்ணைக் கூற இயலாமையால் சிலிண்டர் வண்டியோடு திரும்பிற்று. அம்மையார் மும்முறை ஏஜென்சிக்குச் சென்றார். முதல் முறை, இறப்புச் சான்றிதழ் கொண்டுவருக என்றனர். இரண்டாம் முறை, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்றனர். மூன்றாம் முறை, பழைய இணைப்புச் சீட்டு எங்கே என்றனர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் போயிற்று. நான்காம் முறை அவர் செல்லவில்லை. விறகடுப்பை மூட்டினார்.

அன்றிரவே காரியதரிசியையும் அருகிருத்தி, வேண்டிய பத்திரங்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாக எழுதினோம். அவற்றைத் திரட்ட ஒரு வாரம் ஆயிற்று. ஒருசேரக் கொடுத்தபின், பெயர் மாற்றி இணைப்பு உயிர் பெற்றது. தாள் வேலை முடிந்தது. ஆகவே நம் வேலையும் முடிந்தது என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறு என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதலில் தாள் வேலையைப் பார்ப்போம்.

இணைப்பு என்பது யாது?

இணைப்பு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது சிலிண்டர். ஆனால் சிலிண்டரும் அதன் தலையில் பொருத்தும் ரெகுலேட்டரும் நம்முடைய சொத்தல்ல. அவை எண்ணெய் நிறுவனத்திற்கு உரியவை. திருப்பிக் கொடுக்கப்படும் முன்பணம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, நிறுவனம் அவற்றை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறது. அடுப்பும் டியூபும் மட்டுமே நாம் விலைகொடுத்து வாங்கியவை. முன்பணத் தொகை, சிலிண்டர்களின் எண்ணிக்கை, பெயர், முகவரி ஆகியவற்றைக் காட்டும் சீட்டே சந்தா வவுச்சர் எனப்படுவது. அந்தச் சீட்டில் எவர் பெயர் உள்ளதோ அவருக்கும் நிறுவனத்திற்கும் இடையே உள்ள உடன்படிக்கைதான் இணைப்பு. சங்கத்தில் நாம் வைத்திருக்கும் பங்குச் சான்றிதழைப் போன்றதே இதுவும். பங்குச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள் சந்தா வவுச்சரை அடுப்படி ஆணியில் குத்தி வைப்பது முறையாகாது.

மற்றொன்றும் அறியத்தக்கது. சமையல் எரிவாயு வழங்கலை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் ஒரே வீட்டில் ஒரே சமையலறையோடு வாழ்ந்தால் அது ஒரு குடும்பம். ஒரு குடும்பத்திற்கு ஓர் இணைப்பே உரியது. மணமான மகன் தனிச் சமையல் வைத்திருந்தால் அவன் வேறு குடும்பம்.

இணைப்பு நின்றுபோகும் காரணங்கள்

நாம் கண்ட அளவில் நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பெயருக்குரியவர் காலமாதல். நம் நாட்டில் பல்லாண்டுகளாக இணைப்புகள் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே எழுதப்பட்டு வந்தன. 2016 மே 1-ஆம் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில்தான் ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே இணைப்பு என்பது விதியாக வைக்கப்பட்டது. அதற்குமுன் பெற்ற இணைப்புகள் பலவற்றில் இன்னும் தந்தை பெயரோ, பாட்டனார் பெயரோகூட இருக்கக் காணலாம். சிலிண்டர் தடையின்றி வரும்வரை எவரும் இதைக் கவனிப்பதில்லை. தடைப்பட்ட அன்றே கண் திறக்கிறது.

இரண்டாவது, குடும்பம் இடம் பெயர்தல். வேலை நாடி ஊர்விட்டு ஊர் செல்வது நெசவாளர்க்குப் புதிதன்று.

மூன்றாவது, நெடுங்காலம் சிலிண்டர் எடுக்காதிருத்தல். பல மாதங்கள் தொடர்ந்து பதிவு இல்லையெனில், இணைப்பு செயலற்றது என்று நிறுத்தி வைக்கப்படக்கூடும்.

நான்காவது, அடையாளம் சரிபார்க்கப்படாமை. தொலைபேசி எண் மாறியிருத்தல், ஆதார் விவரம் பொருந்தாமை, ஒரே குடும்பத்தில் இரண்டு இணைப்புகள் இருத்தல் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒவ்வொன்றிற்கும் உரிய வழி

பெயருக்குரியவர் காலமாகியிருப்பின் கீழ்க்காணும் பத்திரங்களைத் திரட்டுக:

1. இறப்புச் சான்றிதழின் பிரதி.
2. பெயர் மாற்றம் கோருபவர் வாரிசு என்பதைக் காட்டும் சான்று.
3. மற்ற வாரிசுகள் தங்களுக்கு மறுப்பில்லை என்று கையொப்பமிட்ட கடிதம்.
4. பழைய சந்தா வவுச்சரும் எரிவாயுப் புத்தகமும்.
5. புதியவரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகள்.
6. தம் குடும்பத்தில் வேறு இணைப்பு இல்லை என்ற உறுதிமொழி.
7. ஏஜென்சியில் கிடைக்கும் வாடிக்கையாளர் விவரப் படிவம், புதிய தொலைபேசி எண்ணுடன்.

வவுச்சர் தொலைந்துவிட்டதே என்று மனம் தளர வேண்டியதில்லை. தொலைந்ததை எழுதி உறுதிமொழி கொடுத்து மேற்கொண்டு நடத்தலாம். ஏஜென்சியின் கணினியில் வாடிக்கையாளர் எண்ணைக்கொண்டு விவரம் எடுக்க இயலும். அவ்வெண் பழைய ரசீது எதிலும் இருக்கும். பழைய முன்பணமே தொடருமா, வேறுபாட்டுத் தொகை கட்டவேண்டுமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, கட்டிய தொகைக்கு ரசீது பெறுக.

இடம் பெயர்வோர் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். அருகிலுள்ள வேறொரு ஏஜென்சிக்கு மாறுவதாயின், சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்காமலேயே மாற்றுச் சீட்டுப் பெற்றுச் செல்லலாம். தொலைவூருக்குச் செல்வதாயின், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, இணைப்பு முடிவுச் சீட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய ஊரில் அச்சீட்டைக் காட்டி, அன்றைய முன்பணம் கட்டி, மறு இணைப்புப் பெறலாம். இங்கே ஒரு கணக்கு உண்டு. 14.2 கிலோ சிலிண்டரின் முன்பணம் 2022 ஜூன் 16 முதல் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாகவும், ரெகுலேட்டருக்குரியது 150 ரூபாயிலிருந்து 250 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. ஒப்படைக்கும்போது நமக்குத் திரும்ப வருவது நம் சீட்டில் எழுதியுள்ள பழைய தொகையே. அடுத்த தெரு ஏஜென்சிக்கு மாறுகிறவர் அறியாமையால் சிலிண்டரை ஒப்படைத்துவிட்டால், இந்த வேறுபாடு முழுவதும் அவர் கைப்பொருளிலிருந்து போகும்.

நெடுங்காலம் எடுக்காமையால் நின்றிருப்பின், அடையாளப் பத்திரங்களுடன் ஏஜென்சிக்குச் சென்று விவரப் படிவத்தைப் புதுப்பித்தால் போதுமானது. பணியாளர் வந்து அடுப்பையும் டியூபையும் பார்வையிட்டபின் வழங்கல் தொடங்கும்.

அடையாளச் சரிபார்ப்பு நின்றிருப்பின், ஆதார் கைரேகை அல்லது முகப்பதிவின் மூலம் அதனை முடிக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. ஏஜென்சியிலோ, சிலிண்டர் கொண்டுவரும் பணியாளர் வழியாகவோ, தொலைபேசிச் செயலி வழியாகவோ செய்துகொள்ளலாம். தறியில் உழைத்து விரல் ரேகை தேய்ந்தவர்களுக்குக் கைரேகை பதியாமல் போவதுண்டு. அத்தகையோர் முகப்பதிவைக் கேட்டுப் பெறுக.

எவ்வகையாயினும் மூன்று விதிகளை மறவற்க. முதலாவதாக, வேண்டிய பத்திரங்களின் முழுப் பட்டியலையும் முதல் நாளிலேயே எழுதி வாங்குக. இரண்டாவதாக, விண்ணப்பத்தை இரு பிரதிகளாக எழுதி, ஒன்றில் தேதியுடன் முத்திரை பெறுக. மூன்றாவதாக, அடுப்பையோ வேறு பொருளையோ ஏஜென்சியிலேயே வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அறிக. முறையான விண்ணப்பத்திற்கு விடை வாராதாயின், 1800 2333 555 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் புகார் பதியலாம். மாவட்டங்களில் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டங்களும் நடத்தப்படுவதுண்டு. அங்கு முத்திரையிட்ட பிரதியைக் காட்டுபவரின் சொல்லுக்கு மதிப்புண்டு. பத்திரங்கள் திரளும் காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமாயின், 5 கிலோ சிறிய சிலிண்டரை அடையாளச் சான்று மட்டும் காட்டிச் சந்தை விலைக்கு வாங்கலாம். முகவரிச் சான்று வேண்டியதில்லை.

சிலிண்டர் வந்த நாளில் நடந்தது

இனி, முன்னர் நிறுத்திய செய்திக்கு வருவோம். பெயர் மாற்றம் முடிந்து, அம்மையார் வீட்டிற்குச் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் அவசரத்தில் இருந்தார். அடுப்படியில் விறகு கிடந்தமையால், சிலிண்டரைத் தாழ்ந்த சுவருக்கு இப்பால், தறியருகே இறக்கி, ரெகுலேட்டரைப் பொருத்திவிட்டுச் சென்றார். அடுப்பும் எரிந்தது. அம்மையார் மகிழ்ந்து, சமையல் முடித்து, அடுப்பின் திருகை மூடினார். ரெகுலேட்டரை மூடவில்லை. பிற்பகலில் அவர் மகள் தறியில் இறங்கி அமர முற்பட்டாள். காலைக் குழிக்குள் வைத்தவுடன் அழுகிய முட்டைக்கோசு போன்ற ஒரு நாற்றம் எழுந்தது. நின்றிருக்கும்போது அந்த நாற்றம் மிக மெல்லியதாகவே இருந்தது. குழியருகே குனிந்தபோதுதான் மூக்கைத் தாக்கிற்று.

அவளுடைய கைக்கு எட்டும் தூரத்தில் தறி விளக்கின் சுவிட்சு இருந்தது. குழிக்குள் என்ன என்று பார்க்க விளக்கைப் போடுவது எவருக்கும் இயல்பு. அவள் போடவில்லை. பள்ளியில் எரிவாயுவைப்பற்றி ஆசிரியர் கூறியது அவள் நினைவுக்கு வந்ததாம். தாயை அழைத்தாள். இருவரும் ரெகுலேட்டரை மூடி, முன்வாயிலையும் பின்வாயிலையும் திறந்து வைத்து, தெருவுக்கு வந்து, அண்டை வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினர். பணியாளர் வந்து சோப்பு நீர் தடவிப் பார்த்தார். சிலிண்டர் வாயின் உள்ளே இருக்கவேண்டிய இரப்பர் வாஷர் இல்லை. வாயு கசிந்து, தரையோடு தவழ்ந்து, தறிக்குழியில் இறங்கித் தேங்கியிருந்தது.

மறுநாள் செய்தியறிந்து சென்றோம். அம்மையார் நம்மைக் குறைகூறவில்லை, நன்றியே கூறினார். ஆனால் நாம் நம்மைக் குறைகூறிக்கொள்ளாமல் இருக்க இயலவில்லை. அவ்வீட்டில் குழித்தறி இருப்பதை நாம் கண்டோம். சிலிண்டர் எங்கே வைக்கப்படும் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்திரங்களின் பட்டியலில் ஏழு இனங்கள் எழுதிய நாம் எட்டாவது இனத்தை எழுத மறந்தோம். அந்த எட்டாவது இனமே இப்பாடத்தின் எஞ்சிய பகுதி.

தறிக்குழியும் எரிவாயுவும்

சமையல் எரிவாயு பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைத்திருக்கின்றனர். வெளிவரும்போது ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 250 பங்கு வாயுவாக விரியும். இதற்கு நிறமில்லை; இயற்கையில் மணமும் இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கின்றனர்.

நெசவாளர் தெளிவாக அறியவேண்டிய குணம், இவ்வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை கனமானது என்பதே. புகை மேலே செல்லும்; இது கீழே செல்லும். தண்ணீரைப்போல் தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும். மேற்கூரையில் புகைபோக்கி இருப்பதால் இதற்குப் பயனில்லை. இக்காரணத்தாலேயே சிலிண்டரைத் தரைமட்டத்திற்குக் கீழுள்ள அறைகளில் வைக்கலாகாது என்பது விதி. நகரத்து வீடுகளில் அத்தகைய அறை அரிது. குழித்தறியுள்ள வீட்டிலோ நடுக்கூடத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது; அதில் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஒருவர் காலை விட்டு அமர்ந்திருக்கிறார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தறிக்குழி 3 அடி நீளமும் 2 அடி அகலமும் 2½ அடி ஆழமும் உடையது என்று கொள்வோம். அதன் கொள்ளளவு 15 கன அடி. காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு எரிவாயு கலந்தாலே அக்கலவை தீப்பற்றும் நிலையை அடையும். இந்தக் குழியை அந்நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 கிராம் வாயு போதும். முழுச் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. அதாவது இதைப்போல் 700 மடங்குக்கு மேல். அதன்பின் ஒரு சுவிட்சின் பொறியோ, தார் சுற்றும் மோட்டாரின் பொறியோ, விளக்குத் திரியோ போதுமானது. சுற்றிலும் இருப்பது நூலும் பஞ்சும்.

விவசாய அங்கத்தினர்களும் இதைத் தமக்குரியதன்று என்று ஒதுக்கவேண்டாம். கிணற்றையொட்டிய மோட்டார்ப் பள்ளம், தரைக்குக் கீழ் அமைத்த சேமிப்பு அறை ஆகியவற்றின் அருகே சிலிண்டர் வைத்தால் ஆபத்து இதுவே.

பொருத்தும் நாளில் பார்க்கவேண்டியவை

மறு இணைப்பில் சிலிண்டர் வரும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்து, கொண்டுவந்தவரை நிறுத்திவைத்துக் கீழ்க்கண்டவற்றைப் பார்த்தல் வேண்டும்.

எடை: சிலிண்டரின் மேல்வளையப் பகுதியில் அதன் வெற்றெடை எழுதியிருக்கும். அதனோடு 14.2 கிலோ சேர்த்தால் வரவேண்டிய எடை. வெற்றெடை 15.3 கிலோ எனில் மொத்தம் 29.5 கிலோ இருக்கவேண்டும். தராசு கொண்டுவருவது வழங்குவோர் கடமை.

சோதனைத் தவணை: மேற்பகுதியில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்பது மார்ச் முடிய, பி ஜூன் முடிய, சி செப்டம்பர் முடிய, டி டிசம்பர் முடிய. சி 28 என்றிருந்தால் 2028 செப்டம்பருக்குள் அது மறுசோதனைக்குப் போகவேண்டும். தவணை கடந்த சிலிண்டரை ஏற்கவேண்டாம்.

வாஷர்: மூடியை நீக்கி, வாயின் உள்ளே கறுப்பு இரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க. நாம் கண்ட வீட்டில் இல்லாதது இதுவே.

டியூப்: நீண்டநாள் பரணில் கிடந்த டியூபை மீண்டும் மாட்டலாகாது. உலர்ந்தும் வெடித்தும் இருக்கும். எலி கடித்தும் இருக்கக்கூடும். உள்ளே கம்பி வலை கொண்ட, தர முத்திரையுள்ள சுரக்ஷா டியூபையே வாங்குக. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக.

இடம்: சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில், கல் அல்லது சிமெண்டு மேடைமேல் இருக்கவேண்டும். சிலிண்டர் அடுப்படியின் வெளிச்சுவரை ஒட்டியிருப்பது நலம். அச்சுவரில் தரைமட்டத்தில் வாயு வெளியேறத் துவாரம் வேண்டும். தறிக்குழிக்கும் அதற்கும் இடையே எவ்வளவு தூரம் கொடுக்க இயலுமோ அவ்வளவும் கொடுக்க. அடுப்படிக்கும் கூடத்திற்கும் இடையே செங்கல்லால் ஒரு வாயிற்படி உயர்த்துதல் பயன் தரும். அது கசிவைத் தடுக்காது. வாயு குழிக்கு ஓடுவதைத் தாமதப்படுத்தும்.

சோதனை: இணைப்புகள் யாவற்றிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க. குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

வழக்கம்: ஒவ்வொரு சமையலுக்குப் பின்னும் அடுப்பின் திருகை மட்டுமன்றி ரெகுலேட்டரையும் மூடுக. காலையில் தறியில் இறங்குமுன் ஒருமுறை குனிந்து குழியை முகர்ந்து பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்க. இதற்கு ஆகும் நேரம் நாடாவை ஒருமுறை எறியும் நேரந்தான்.

நாற்றம் தெரிந்தால்

எரிகின்ற அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி யாவற்றையும் அணைக்க. மின்சார சுவிட்சு எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், மின்விசிறியையும் தொடவேண்டாம். ரெகுலேட்டரை மூடி, இயலுமாயின் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியை அழுத்துக. கதவு, சன்னல்களைத் திறந்துவைத்து, குழந்தைகளையும் முதியோரையும் முதலில் வெளியேற்றுக. வீட்டிற்கு வெளியே சென்றபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூறுக. கசிவுப் புகாருக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது. கூடத்தில் நாற்றம் நீங்கியபின்னும் குழியில் வாயு தங்கியிருக்கலாம். பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை எவரும் குழியில் இறங்கவேண்டாம்.

சங்கம் செய்யத்தக்கது

அங்கத்தினர் ஒருவர் சேரும்போதே அவருக்குப்பின் பங்கு எவருக்கு உரியது என்று நியமனம் எழுதி வாங்குகிறோம். அதனால் பின்னர் எழும் தொல்லைகள் குறைகின்றன. அதே முன்யோசனையை அங்கத்தினர் எரிவாயு இணைப்பிலும் காட்டுமாறு சங்கம் அறிவுறுத்தலாம். பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்போதே மனைவியின் தொலைபேசி எண்ணைப் பதிவு செய்வதும், பாட்டனார் பெயரில் உள்ள இணைப்பை வீட்டில் சமையலை நடத்துபவர் பெயருக்கு மாற்றுவதும் இன்றே செய்யக்கூடியவை.

தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் சில தாமே எரிவாயு வழங்கி வருகின்றன. அத்தகைய பண்டகசாலை அருகிலிருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை அதன் பணியாளரை நெசவாளர் தெருவிற்கு அழைத்து வீடுவீடாகப் பார்வையிடச் செய்யலாம். இல்லையேல் உள்ளூர் ஏஜென்சியைக் கேட்கலாம். காரியதரிசிகளுக்கு ஒரு வார்த்தை. பதிவேட்டில் ஒருவரின் உற்பத்தி குறைந்தால், நாட்டமில்லை என்று எழுதுமுன் அவர் வீட்டிற்கு ஒருமுறை செல்க. நாம் கூறிய சங்கத்தில் இப்போது அவ்வாறே செய்து வருகின்றனர். அம்மையாரின் சிலிண்டர் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. இடையே இரண்டு செங்கல் உயரத்தில் ஒரு வாயிற்படி எழுந்திருக்கிறது. அடுத்த ஆய்வின்போது பதிவேட்டைப் பார்த்தோம். சேலைகள் பழைய எண்ணிக்கைக்கு வந்திருந்தன. கறைக் குறிப்பு ஒன்றும் இல்லை.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உமது வீட்டு எரிவாயு இணைப்பு எவர் பெயரில் உள்ளது? பதிவான தொலைபேசி எண் எவருடையது?
2. சந்தா வவுச்சர் எங்கே உள்ளது? அதில் கண்ட முன்பணம் எவ்வளவு?
3. அருகிலுள்ள ஏஜென்சிக்கு மாறுவதற்கும் தொலைவூருக்குச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு யாது?
4. உமது சிலிண்டருக்கும் தறிக்குழிக்கும் இடையே எத்தனை அடி? இன்று மாலை அளந்து, அடுத்த கூட்டத்தில் கூறுக.
5. குழியில் நாற்றம் தெரிந்தால் முதலில் செய்யவேண்டியது யாது? செய்யலாகாதது யாது? வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கேட்டு விடை எழுதுக.